ரெம்மும் சீவர்ட்டும்



தலைநகரில் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் எங்களிடம், அலுவலகக் கோப்புகள் போக, நம்மவர்களின் சொந்தக் காகிதங்களும் வருவதுண்டு. மருத்துவச் சீட்டு, ஓய்வூதிய ஆணை, காப்பீட்டுப் பத்திரம் என்று ஆங்கிலத்தில் உள்ளவற்றைத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும். அவ்வாறு ஒருநாள் எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் வந்தார். குஜராத்தில் கொதிகலன்களிலும் குழாய்களிலும் பற்றவைத்த இடம் பழுதின்றி இருக்கிறதா என்று, இரிடியம்-192 என்னும் கதிரியக்கப் பொருளைக் கொண்டு படம் பிடித்துப் பார்க்கும் வேலையில் 23 ஆண்டுகள் இருந்தவர். இப்பொழுது மகனோடு தில்லியில் வாழ்கிறார்.

“தம்பி, என் உடம்பு இதுவரை எவ்வளவு கதிர் வாங்கியிருக்கிறது என்று டாக்டர் கேட்கிறார். இரண்டு அட்டையையும் கூட்டிப் பார்த்தேன். ஐயாயிரத்தை நெருங்குகிறது. இது பெரிய கணக்கா?” என்று கேட்டார்.

முதல் அட்டையில் 9 ஆண்டுகளுக்கு மொத்தம் 4,860 என்றிருந்தது. இரண்டாவதில் 14 ஆண்டுகளுக்கு 71.4. இரண்டையும் கூட்டி 4,931.4 என்று எழுதி, புதிய அட்டையில் அச்சிட்டிருந்தபடியே ‘மில்லி சீவர்ட்’ என்றும் சேர்த்திருந்தார். அதாவது, ஏறக்குறைய 5 சீவர்ட். அத்தனையையும் உடல் முழுவதும் ஒரே வேளையில் ஏற்றால் உயிருக்கே ஆபத்து. ஆனால் பழைய அட்டையின் தலைப்பில், மங்கிய எழுத்தில், ‘மில்லி ரெம்’ என்றிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

1957 ஏப்ரலில் அணாக் கணக்கு நீங்கி நயா பைசாக் கணக்கு வந்தபொழுது, அணாவுக்கு ஆறேகால் பைசா என்று நம் பெரியோர் சந்தையில் தடுமாறிய கதையைக் கேட்டிருக்கிறோம். கதிர்வீச்சில் நேர்ந்த மாற்றம் அவ்வளவு கடினமன்று. ரெம் என்பது பைசா. சீவர்ட் என்பது ரூபாய். நூறு ரெம் கொண்டது ஒரு சீவர்ட். ஆகவே நூறு மில்லி ரெம் ஒரு மில்லி சீவர்ட் ஆகும். ராட் என்னும் பழைய அளவைக்கும் கிரே என்னும் புதிய அளவைக்கும் உள்ள உறவும் இதுவே. உலக நாடுகளின் அளவை மாநாடு 1975இல் கிரேயையும் 1979இல் சீவர்ட்டையும் ஏற்றுக்கொண்டது. முன்னது பிரிட்டிஷ் அறிஞர் ஒருவரின் பெயர். பின்னது சுவீடன் நாட்டு அறிஞர் ஒருவரின் பெயர்.

ஒன்றுக்கு இரண்டு பெயர் எதற்கு என்று கேட்கலாம். உடற்பொருள் ஒரு கிலோவுக்கு எவ்வளவு ஆற்றலை உள்வாங்கியது என்று சொல்வது கிரே. அதனால் விளையக்கூடிய தீங்கையும் கணக்கிற் சேர்ப்பது சீவர்ட். எக்ஸ் கதிருக்கும் காமாக் கதிருக்கும் பெருக்க வேண்டிய எண் 1. ஆகவே அங்கே இரண்டும் ஒரே தொகையாகவே வரும். ஆல்ஃபா கதிருக்கோ அவ்வெண் 20. பெரியவர் பழகியது காமாக் கதிரோடு. அவ்வகையில் எங்களுக்குத் தொல்லை குறைந்தது.

தொல்லை கொடுத்தது மூன்றாவது அளவை. அவரிடம் பழைய குறிப்பேடு ஒன்றும் இருந்தது. சட்டைப்பையிற் செருகிய பேனா வடிவான கருவி அன்றன்று காட்டியதை, ‘மில்லி ராண்ட்ஜென்’ என்று அதில் எழுதி வைத்திருந்தார். அக்கருவிகளில் பெரும்பாலும் 200 மில்லி ராண்ட்ஜென் வரையே கோடுகள் இருக்கும். எக்ஸ் கதிரைக் கண்ட ராண்ட்ஜெனின் பெயரால் 1928இல் ஏற்கப்பெற்ற இவ்வளவை, கதிர் காற்றில் எவ்வளவு மின்னூட்டத்தை எழுப்பிற்று என்பதையே சொல்லும். உடலைப்பற்றி அது பேசுவதில்லை.

நம் ஊரில் உழவர் ‘ஓர் உழவு மழை’ என்பார்கள். ஏர் பூட்டும் அளவுக்கு மண் நனைந்தது என்பது பொருள். மழைமானியோ வானிலிருந்து விழுந்ததை மில்லி மீட்டரில் சொல்லும். அதே மழை மணலில் ஒருவிதமாகவும் கரிசலில் ஒருவிதமாகவும் இறங்குகிறது. ராண்ட்ஜென் மழைமானிக் கணக்கு. ராடும் கிரேயும் உழவு மழைக் கணக்கு. ஒரு ராண்ட்ஜென் பட்ட இடத்தில் காற்று வாங்குவது சுமார் 0.877 ராட், மெல்லிய தசை வாங்குவது சுமார் 0.96 ராட். எலும்பில், கதிரின் ஆற்றல் குறைவாக இருக்கும்பொழுது, இன்னும் அதிகம். ஆயினும் காமாக் கதிரின் நடைமுறைக் கணக்கில் ஒரு ராண்ட்ஜெனை ஒரு ரெம் என்று கொள்வதால் பெரும்பிழை நேராது.

அக்குறிப்பேட்டையும் கூட்டவேண்டுமா என்று பெரியவர் கேட்டார். கூடாது என்றோம். மார்பில் அணிந்த பட்டையும் பையிலிருந்த பேனாவும் அளந்தது ஒரே கதிரைத்தான். ஒரே வரவை இரண்டு பேரேடுகளில் எழுதிவிட்டு இரண்டையும் கூட்டினாற்போல் ஆகிவிடும்.

இப்பொழுது கணக்கைப் பாருங்கள். 4,860 மில்லி ரெம் என்பது 48.6 மில்லி சீவர்ட். அதனோடு 71.4ஐக் கூட்டினால் சரியாக 120 மில்லி சீவர்ட். 4,931 அன்று. இயற்கையாகவே மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் உலக மக்கள் பெறுவது, சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லி சீவர்ட். அக்கணக்கில் 23 ஆண்டுக்கு 55 ஆகும். வேலையினால் அவருக்குக் கூடியது அதைப்போல் இருமடங்குக்குச் சற்று மேல். பெரியவர் முகம் தெளிந்தது.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. முதல் அட்டையில் ஆண்டுக்கு ஐந்நூறு, அறுநூறு என்றிருந்த எண் இரண்டாவதில் ஐந்து, ஆறு என்று இறங்கியதைக் கண்டு, பிந்திய ஆண்டுகளில் பாதுகாப்பு நூறு மடங்கு பெருகிவிட்டதென்று அவரும் உடன் வேலை செய்தவர்களும் நம்பியிருக்கிறார்கள். உண்மையில், முதல் ஒன்பது ஆண்டுகளில் சராசரி 5.4 மில்லி சீவர்ட்; அடுத்த பதினான்கில் 5.1. இறங்கியது அளவையின் எண்ணேயன்றிக் கதிர் அன்று. அதற்கிடையே வரம்பு சுருங்கியிருந்தது. முன்பு தொழிலாளிக்கு ஆண்டுக்கு 5 ரெம், அதாவது 50 மில்லி சீவர்ட் வரை ஒப்பியிருந்தார்கள். பன்னாட்டுக் கதிர்ப் பாதுகாப்புக் குழு 1990ஆம் ஆண்டுப் பரிந்துரையில் அதை ஐந்தாண்டுச் சராசரியாக 20 என்று குறைத்தது. நம் நாட்டிலும் அச்சராசரியே வரம்பு. முன்பு வரம்பில் ஒன்பதில் ஒரு பங்காயிருந்த வேலை, பின்பு நாலில் ஒரு பங்காயிற்று. எண்ணைக் கண்டு மகிழ்ந்தவர்கள் இதைக் காணவில்லை.

சுத்திகரிப்பு ஆலைகளிலும் மருத்துவமனைக் கதிர்ப்படப் பிரிவுகளிலும் பணிபுரியும் நம்மவர் பழைய அட்டைகளை எடுத்துப் பார்க்கும்பொழுது, எண்ணுக்கு முன் தலைப்பைப் படிக்கவேண்டும். ‘மில்லி’ என்றிருக்கிறதா, ஆயிரத்தில் ஒன்றாகிய ‘மைக்ரோ’ என்றிருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். பத்து மைக்ரோ சீவர்ட் ஒரு மில்லி ரெம். ‘ஒரு மணிக்கு’ என்று கருவி காட்டுவது வேகம். அட்டையில் உள்ளது தொகை. கியூரி, பெக்கரல் என்று கண்டால் அவை கதிரை வீசும் பொருளின் அளவைகள், இக்கணக்கில் சேரா.

நாங்கள் மூலத்தில் உள்ள எண்ணை உள்ளபடியே எழுதி, பக்கத்தில் மில்லி சீவர்ட்டில் மாற்றி எழுதிக் கொடுத்தோம். பெரியவர் இரண்டாவது பத்தியை மேலிருந்து கீழாக விரலால் தடவிப் படித்தார்.

“அப்படியானால் கடைசிவரை ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறது” என்றார்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மருத்துவமனைக்குப் பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்டுப் புறப்பட்டார்.