டயாலிசிஸ் நோயாளியும் தண்ணீர்க் கணக்கும்

(கோவில்பட்டி வட்டாரத்தில் ஊராட்சி உறுப்பினர்களிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



விதையும் உரமும் பேச வேண்டியவன் வைத்தியம் பேச வந்துவிட்டானே என்று எண்ண வேண்டாம். சென்ற ஐப்பசியில் நமது வட்டாரத்து விவசாயி ஒருவர், உளுந்து விதைப்பை முன்னிட்டு இரண்டு முறை டயாலிசிஸுக்குச் செல்லாதிருந்துவிட்டார். அந்த வாரக் கடைசியில் ஓரிரவு, படுத்தால் மூச்சு முட்ட, உட்கார்ந்தே விடிய வைத்தார். கால்கள் வீங்கியிருந்தன. இழுப்பு நோய் என்றனர் அண்டை வீட்டார். அன்று, அது தேங்கிய நீரின் வேலை.

கரிசலின் குணம் தாங்கள் அறியாததன்று. பெய்த நீரை இறுகப் பற்றிக்கொள்ளும். வடிகாலில்லையேல் பருத்தி வேர் அழுகும். சிறுநீரகம் செயலிழந்தவர் உடலும் அத்தகையதே. வெளியேறாத நீரைத் தாங்க மாட்டாமல் இதயத்தின் இடப்புறம் திணற, அழுத்தம் பின்னோக்கி நுரையீரல் இரத்தக் குழாய்களில் ஏறுகிறது. நாளடைவில் வலப்புறமும் தளர்கிறது. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் இரத்த அழுத்தத்தில் இது தெரியாது. எக்கோ பரிசோதனை வேண்டும். அதையும் டயாலிசிஸ் செய்து மிகை நீர் நீங்கிய பின் எடுத்தால்தான் உண்மை நிலை விளங்கும்.

சோகையும் இந்நோயை வளர்க்கும். டயாலிசிஸுக்காகக் கையில் அமைத்த பிஸ்டுலாவில் இரத்தம் மிகுதியாகப் பாய்ந்தாலும் இதயத்திற்குச் சுமைதான். அதை மருத்துவர் அளந்து, தேவையாயின் குறைப்பார். வேறு வகை நுரையீரல் அழுத்த நோய்க்குரிய மாத்திரைகளை இவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை. பிறர் சீட்டைக் காட்டி வாங்கி விழுங்குவது ஆபத்து.

முதன்மையானவை நீரும் உப்புமே. கம்மங்கூழ், மோர், காப்பி யாவும் தண்ணீர்க் கணக்கில் சேரும். கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய் ஆகியன தாகத்தைக் கிளப்பும். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்க் கடலை மிட்டாயைக் குறை சொல்ல எனக்கும் மனமில்லை. ஆயினும் நிலக்கடலையின் பொட்டாசியமும் பாஸ்பரஸும் இவர்களுக்கு ஆகா. மருத்துவர் குறித்த உலர் எடைக்கு மேல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நாள்தோறும் தராசில் பார்க்க வேண்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்தத் தண்ணீர்க் கட்டுப்பாடு நோயாளிக்கு மட்டுமே. வெயிலில் உழைக்கும் மற்றவர்கள் நீரைக் குறைத்தால் நல்ல சிறுநீரகமும் கெடும்.

டயாலிசிஸ் பெரும்பாலும் வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்திற்குச் செலவில்லை; பஸ் கட்டணமும் இழந்த கூலியும்தான் ஆளைத் தடுக்கின்றன. தங்கள் ஊரில் இத்தகையோர் எவரெவர், எந்தெந்தக் கிழமை செல்வர் என்று ஊராட்சியில் குறித்து வையுங்கள். நான் சொன்ன விவசாயியின் எஞ்சிய இரண்டு ஏக்கரையும் பக்கத்துப் புஞ்சைக்காரர்களே முறை வைத்து விதைத்துக் கொடுத்தனர். அவர் இப்போது ஒரு முறையும் தவறுவதில்லை.