கொடுப்பவர் கடனும் பெறுபவர் கடனும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



வெள்ளி விழாக் காணும் ஒரு சங்கம் தன் சாதனைகளை எண்ணி மகிழ்வது இயல்பே. பட்டம் பெற்றோர், ஆசிரியர் ஆனோர், அரசு அலுவலகங்களில் அமர்ந்தோர் எனப் பெருமையோடு சொல்ல நமக்கும் பலர் உளர். ஆயினும் அப்பட்டியலைப் படிக்குந்தோறும் ஒரு கேள்வி நம் உள்ளத்தில் எழாமல் இல்லை. நாம் படிக்கவைத்தவர்களுள் எத்தனை பேர் இச்சங்கத்தின் பணியைத் தம் பணியாக ஏற்றுக்கொண்டனர்? இக்கேள்வியை நமக்கு முன்பே கேட்டு, அதற்கு ஒரு வழியும் கண்ட சமூகம் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டு யூத மக்களே அவர்கள். தம் சமூக நிறுவனங்களை நடத்துவதற்கென்றே பட்ட மேற்படிப்பை ஏற்படுத்தி, அதனைப் பயில்வோர்க்கு உதவித்தொகையும் அளித்த அவர்கள் வரலாற்றைப் பற்றி இன்று பேச விழைகிறோம்.

அவர்களுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். 1877ஆம் ஆண்டில் ஜோசப் செலிக்மன் என்னும் பெரும் வங்கியாளர் சரடோகா என்னும் ஊரில் உள்ள ஓர் ஓட்டலுக்குச் சென்றார். யூதர் என்ற ஒரே காரணத்தால் அவருக்கு அங்கே இடம் மறுக்கப்பட்டது. அவருடைய மகன் எட்வின் செலிக்மன் பின்னர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். 1913இல் அங்குச் சென்று பயின்ற நம் அண்ணல் அம்பேத்கருக்கு ஆசானாக விளங்கியவர் அவரே. 1925இல் வெளிவந்த அண்ணலின் நிதியியல் நூலுக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. செல்வரான யூதர் பட்ட அவமதிப்பையும், சேரியில் பிறந்தவன் நாள்தோறும் படும் துன்பத்தையும் ஒன்றெனக் கூற நாம் முன்வரவில்லை. ஆயினும் புறக்கணிப்பின் சுவையை அறிந்த ஒரு குடும்பத்தின் மகன், புறக்கணிக்கப்பட்ட மக்களின் மகனுக்குக் கல்வி வழங்கினார் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இனி அவர்கள் வரலாற்றைப் பார்ப்போம். 1654இல் ஏறத்தாழ இருபத்துமூன்று யூதர்கள் பிரேசிலிலிருந்து தப்பி, இன்று நியூயார்க் என வழங்கும் ஊரில் கரையேறினர். அப்போது அங்கே ஆட்சி புரிந்த டச்சு ஆளுநர் ஸ்டைவஸன்ட் அவர்களை வெளியேற்ற முயன்றார். அவருக்கு மேலிருந்த டச்சு வணிகக் கம்பெனி, அவர்கள் அங்கேயே தங்கலாம் என 1655இல் இசைவு தந்தது. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தது. அவர்களுள் ஏழைகள் எவரும் பிறருக்குச் சுமையாகக் கூடாது. தம்மவரைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. அவநம்பிக்கையால் விதிக்கப்பட்ட அந்நிபந்தனையை அம்மக்கள் தம் ஒழுக்கமாகவே மாற்றிக்கொண்டனர்.

அதற்கு அவர்களுடைய சமய மரபும் துணை நின்றது. ஏழைக்குக் கொடுப்பதை அவர்கள் ‘செதாக்கா’ என்பர். அச்சொல்லின் வேர் நீதி என்னும் பொருளுடையது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமானிடிஸ் என்னும் அறிஞர் கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். ஒருவன் மீண்டும் எவரிடமும் கையேந்தா வண்ணம் கடன் கொடுத்தோ, தொழிலில் கூட்டுச் சேர்த்தோ, வேலை தேடித் தந்தோ அவனை நிலைநிறுத்துவதே அவற்றுள் உச்சிப் படி என்றார். நம் தாய்மார்கள் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் ஒதுக்கியது போலவே, அவர்கள் வீடுகளிலும் காசு சேர்க்கும் சிறு தகரப் பெட்டி இருந்தது.

1881 முதல் 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்கா வந்தடைந்தனர். மருத்துவமனை, அனாதை இல்லம், வட்டியில்லாக் கடன் சங்கம், மாலைப் பள்ளி என எண்ணற்ற நிறுவனங்கள் தோன்றின. ஒவ்வொன்றும் தனித்தனியே நன்கொடை வேண்டி ஒரே வாயிலைத் தட்டியமையால் குழப்பம் மிகுந்தது. 1895இல் பாஸ்டன் நகரில் இவை ஒரே கூட்டமைப்பாக இணைந்தன. அடுத்த ஆண்டு சின்சினாட்டியும் அவ்வழியைப் பின்பற்றியது. பிற நகரங்களும் தொடர்ந்தன.

இங்கேதான் நம் கேள்வி அவர்களுக்கும் எழுந்தது. பணம் சேர்ந்துவிட்டது, கட்டடங்களும் எழுந்துவிட்டன. இவற்றை நடத்துவோர் யார்? நல்ல மனம் படைத்த வணிகர் மாலையில் ஒரு மணி நேரம் வந்து கையெழுத்திட்டுச் செல்வது போதுமா? போதாது என்று உணர்ந்து, யூதச் சமூகப் பணிக்கென 1925இல் நியூயார்க்கில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினர். பொருளாதார நெருக்கடி நிலவிய ஆண்டுகளைத் தாண்ட முயன்ற அப்பள்ளி, 1940இல் மூடப்பட்டது. நல்ல நோக்கம் ஒன்றே ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றாது என்பதற்கு அதுவே சான்று.

இதற்கிடையே உயர்கல்விக்கூடங்களின் கதவும் அவர்களுக்கு எதிராகச் சாத்தப்பட்டது. 1922இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர் லோவல், யூத மாணவர் எண்ணிக்கைக்கு நூற்றுக்குப் பதினைந்து என வரம்பு கட்ட வேண்டும் என முன்மொழிந்தார். நமக்குக் கிடைத்த ஒதுக்கீடு கதவைத் திறப்பது. அவர்களுக்கு அங்கே விதிக்க முயன்ற வரம்போ கதவை அடைப்பது. இவ்விரண்டையும் ஒன்றெனப் பேசுவோரிடம் நம் இளைஞர்கள் இவ்வேறுபாட்டை எடுத்துரைக்க வேண்டும். 1948இல் யூதர் தம் பொருளால் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தை நிறுவி, எல்லாச் சமயத்தார்க்கும் அதனைத் திறந்து வைத்தனர்.

அதன்பின் தலைமைப் பயிற்சிக்கான படிப்பு மீண்டும் உயிர்பெற்றது. 1957இல் யெஷிவாப் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணிக் கல்லூரி தோன்றிற்று. 1968இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஹீப்ரு யூனியன் கல்லூரி, சமூகச் சேவைக்கெனத் தனிப் பள்ளி தொடங்கிற்று. 1969இல் பிராண்டைஸிலும் அத்தகைய படிப்பு தோன்றி, பின்னர் ஹார்ன்ஸ்டீன் பெயரால் வழங்கலாயிற்று. அதே 1969இல் கூட்டமைப்புகளின் பெருங்கூட்டம் பாஸ்டனில் நடந்தபோது, யூத மாணவர்கள் அங்கே திரண்டு எதிர்ப்புக் காட்டினர். தம் மக்களின் கல்விக்கும் பண்பாட்டுக்கும் முதலிடம் தாருங்கள் எனப் பெரியோரை நேர் நின்று கேட்டனர். பெரியோரைக் கேள்வி கேட்பது அவமரியாதை அன்று என்பதை நம் இளைஞர்களும் அறிக!

இப்படிப்புகளில் என்ன கற்பித்தனர்? தம் மக்களின் வரலாறும் மூல நூல்களும் ஒருபுறம். வரவு செலவுத் திட்டம், நிதி திரட்டல், ஊழியரை வழிநடத்தல், கூட்டம் நடத்தல் ஆகியன மறுபுறம். நிறுவனங்களில் நேரடிக் களப்பயிற்சியும் உண்டு. பின்னாளில் வணிக நிர்வாகப் பட்டத்தையோ சமூகப் பணிப் பட்டத்தையோ உடன் பெறவும் வழி செய்தனர். தன் வரலாறு அறியாதவன் நிறுவனத்தைக் கடையாக்கி விடுவான். கணக்கு அறியாதவன் அதைக் கடனில் ஆழ்த்தி விடுவான். இரண்டும் அறிந்தவனே தலைவன் எனக் கருதினர்.

இதைப் படிக்க வருவோர் மருத்துவரோ வழக்கறிஞரோ ஈட்டும் ஊதியத்தை எதிர்பார்க்க இயலாது. ஆகவே உதவித்தொகை இன்றியமையாததாயிற்று. கூட்டமைப்புகளே ஒரு திட்டம் வகுத்து மாணவர்க்குப் பொருள் தந்தன. பெற்றவர் படிப்பு முடிந்தபின் குறித்த காலம் கூட்டமைப்பில் பணியாற்ற வேண்டும் என்பது உடன்படிக்கை. 1988இல் வெக்ஸ்னர் அறநிறுவனமும் பட்ட மேற்படிப்பு மாணவர்க்கென ஓர் உதவித்தொகையைத் தொடங்கிற்று. சமய குருமாராகவும், ஆசிரியராகவும், சமூக நிறுவனத் தலைவராகவும் விளங்கவிருப்போர் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். படிப்புச் செலவை ஏற்றதோடு, கருத்து வேறுபாடுடைய பிரிவினரையும் ஒன்றாகக் கூட்டி ஒருவரோடொருவர் பழகச் செய்தது அதன் சிறப்பு.

குறைகள் இல்லாமல் இல்லை. பொருள் தருபவர் சிலராக இருப்பின், அவர் விருப்பமே சமூகத்தின் விருப்பம் எனக் கொள்ளப்படும் அபாயம் உண்டு. படிப்பில் பெண்கள் பெருகிய பின்னரும், பெருநகரக் கூட்டமைப்புகளின் தலைமைப் பதவி நெடுங்காலம் ஆடவர் கையிலேயே இருந்தது. இவற்றையும் கண்டு, நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

அன்பர்களே, நம் நிலை யாது? உயர்கல்வி பயிலும் பட்டியல் வகுப்பு மாணவர்க்கு உதவித்தொகை வழங்கும் அரசுத் திட்டம் 1944இல் தொடங்கிற்று. அது பிச்சை அன்று, நீதி. அதனால் நம் வீடுகளில் விளக்கேறியது. ஆனால் நம் சமூக நிறுவனங்களோ தனி மனிதர்களின் தியாகத்தாலேயே வாழ்ந்துள்ளன. 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்ட சுவாமி சகஜானந்தர் தம் வாழ்நாளையே அதற்கு ஈந்தார். அத்தகைய தியாகத்தை வணங்குகிறோம். ஆயினும் தலைமுறைக்கு ஒரு சகஜானந்தர் தோன்றுவார் என்று காத்திருப்பது திட்டமாகாது.

1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசிய அண்ணல், படித்தவர்கள் தம்மைக் கைவிட்டதாக மனம் நொந்து கூறினார். அச்சொல்லை மேடைதோறும் இளைஞர்மேல் எறிகிறோம். ஆனால் அண்ணலின் வாழ்வில் மற்றொரு பாடமும் உண்டு. பரோடா மன்னர் மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுக்கு அளித்த உதவித்தொகையில் அவர் அமெரிக்கா சென்றார். படிப்பு முடிந்தபின் பத்தாண்டு பரோடாவில் பணியாற்றுவதாக உடன்படிக்கை. சொன்ன சொல் தவறாது 1917இல் அங்குச் சென்றார். அலுவலகத்தில் ஏவலர்கள் அவரைத் தீண்ட அஞ்சினர். தங்குவதற்கு ஓர் அறை அந்நகரில் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் வேறு பெயரில் தங்கியிருந்தவரைத் தடியோடு வந்தோர் வெளியேற்றினர். உடன்படிக்கையை முறித்தவர் பெற்றவரா? அல்லர். அவருக்கு இடமளிக்காத ஊரே முறித்தது.

இதைத்தான் நாம் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். உதவித்தொகை இருபுறமும் பிணைக்கும் கடன். பெறுபவன் திரும்பி வரக் கடமைப்பட்டவன்; கொடுப்பவன் அவனுக்கு இருக்கை வைத்துக் காத்திருக்கக் கடமைப்பட்டவன். நம் பிள்ளைகள் திரும்பவில்லை எனக் குறைகூறும் நாம், அவர்கள் திரும்பினால் அமர ஒரு நாற்காலியேனும் வைத்திருக்கிறோமா? சங்கத்தின் கணக்கேட்டை ஓர் இளம்பெண்ணிடம் ஒப்படைக்க நம் பெரியோர் ஆயத்தமா? நேர்மையாகச் சொன்னால், நாங்களே இதுவரை ஆயத்தமாக இருந்ததில்லை. இவ்வுரையை ஆற்றும் எங்கள் தலைமுறையின் குற்றம் அது.

ஆதலின் ஒரு வேண்டுகோள். வெள்ளி விழா நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒருவர்க்கேனும் சமூகப் பணி அல்லது நிர்வாகவியல் பட்ட மேற்படிப்புக்கு உதவித்தொகை அளிப்போம். ஓராண்டு ஆணுக்கு எனின் மறு ஆண்டு பெண்ணுக்கு என முறை வைப்போம். பெரும் நன்கொடையாளர் ஒருவரையே நம்பாமல், சிறு தொகைகளாகப் பலரிடம் பெறுவோம். படிப்பவர் மூன்றாண்டு சங்கத்தில் பணியாற்ற வேண்டும் என உறுதி பெறுவோம். அதே தாளில், அவர்க்கு உரிய ஊதியமும், முடிவெடுக்கும் உரிமையும் தருவோம் என நாமும் கையெழுத்திடுவோம்.

இளைஞர்களே, வேலை தேடிச் செல்லுங்கள், உயருங்கள், அதில் தவறில்லை. ஆனால் உங்களுள் சிலரேனும் உங்கள் மக்களின் பணியையே தொழிலாகக் கற்று வாருங்கள். நாங்கள் எழுந்து இடம் தருகிறோம்.

ஜெய் பீம்!