கீரிமலையிலே ஒரு பிறந்தநாள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை கிடையாது. மாரிகாலத்தில் மட்டும் நீரோடுகின்ற வழுக்கியாற்றை ஆறென்று கொள்வார் கொள்ளலாம். ஆனால், மலையென்று சுட்டிக்காட்ட ஒரு குன்றுதானும் அங்கே இல்லை. பனையின் தலையே அந்நாட்டின் உயரம். அத்தகைய தட்டை நிலத்தின் வடகரையிலே, யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவிலே, ஓர் ஊர் மலையென்ற பெயரைத் தாங்கி நிற்கின்றது. அதுதான் கீரிமலை.

குளிர்ச்சியை நாடிய ஐரோப்பியர் மலைமீது ஏறினர். 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிலே சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் குடியேறிப் பண்ணை அமைத்தார். நாளடைவில் அந்நகர் வெள்ளைத் துரைமாரின் ஓய்விடமாயிற்று. பின்னர், கொழும்பிலே உத்தியோகம் பார்த்த தமிழரும் சித்திரை மாதத்திலே கம்பளிச் சட்டையைத் தேடியெடுத்துக்கொண்டு அங்கே போய்வரலாயினர். ஆயினும், ஊரோடு இருந்த யாழ்ப்பாணத்தவர் ஓய்வுக்கும் உடல்நலத்துக்கும் எங்கும் ஏறவில்லை. அவர்கள் படியிறங்கிக் குளித்தார்கள்.

நகுலம் என்றால் கீரி. கீரிமுகம் வாய்க்கப்பெற்ற முனிவர் ஒருவர் இவ்விடத்துத் தீர்த்தத்திலே நீராடித் தவமியற்றி, அம்முகம் நீங்கப்பெற்றார் என்பது தலபுராணக் கதை. அதனால் இத்தலம் நகுலகிரி என்றும், இங்குள்ள சிவன் கோயில் நகுலேச்சரம் என்றும் பெயர்பெற்றன. சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி குதிரைமுகத்தோடு இங்கே வந்து, நீராடி, மனித முகம் பெற்றாள் என்ற கதையை மயில்வாகனப் புலவரின் ‘யாழ்ப்பாண வைபவமாலை’ கூறுகின்றது. மா விட்ட புரம் மாவிட்டபுரம் என்பர். இக்கதைகளை நம்புவோரும் உளர், நகைப்போரும் உளர். வந்தவர் ஒரு முகத்தோடு வந்து வேறொரு முகத்தோடு திரும்பினார் என்பது இரண்டுக்கும் பொது. ஆறு நாட் பணிக்களைப்போடு வந்து அக்கேணியிலே அரைமணி நேரம் கிடந்து எழுந்தவர் எவரும் அந்த அளவையேனும் மறுக்கமாட்டார்.

நீரின் இரகசியம் கல்லிலே இருக்கின்றது. குடாநாட்டின் அடியிலே கிடப்பது சுண்ணாம்புக் கல். மாரிமழை அதன் வெடிப்புகளூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. தோட்டக் கிணறுகளில் ஊறுவதும் அதுவே. புத்தூர் நிலாவரையில் நிற்பதும் அதுவே. கீரிமலையிலே அது கடலை நாடிக் கரையில் வெளிப்படுகின்றது. கேணியின் மதிலுக்கு அப்பால் கடலலை மோதும். மதிலுக்கு இப்பால் ஊற்றுநீர் நிற்கும். ஆடவர்க்கு ஒரு கேணி, பெண்டிர்க்கு மறைவாக மதில்கட்டிய வேறொரு கேணி. கிணற்றிலே அளவின்றி இறைத்தால் உவர்நீர் மேலெழும் என்பதைத் தோட்டக்காரர் நன்கு அறிவர். கிணறும் கேணியும் ஒரே நீரின் இரண்டு வாய்கள்.

இனி, ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஆண்டு 1957. தெல்லிப்பழைக்கு வடக்கே வீடு. தகப்பனார் கொழும்பிலே அரசாங்க இலிகிதர். அங்கே நாலைந்து நண்பரோடு ஓர் அறையிலே வாசம். மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஊரிலே. மாதந்தோறும் பணவிடை வரும், கடிதம் வரும், தகப்பன் வருவது அருமை. அந்நாளிலே யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல இவ்வாறுதான் வாழ்ந்தன. பிள்ளைகள் தகப்பனின் கையெழுத்தை அறிந்த அளவுக்கு அவர் குரலை அறிந்திலர் என்றால் அது மிகையாகாது.

மூத்த பெண்ணுக்கு அவ்வாண்டு பத்து வயது நிறைகின்றது. வைகாசி மாதத்து அத்த நட்சத்திரத்திற் பிறந்தவள். யாழ்ப்பாணத்திலே பிறந்தநாள் என்பது ஆங்கிலத் தேதியன்று. பிறந்த மாதத்து நட்சத்திரமே கணக்கு. ஆனால், நட்சத்திரமோ அலுவலகத்தின் நாட்காட்டியை மதிப்பதில்லை. அஃது ஒரு வாரநாளிலே வந்துவிட்டது. தாய் அன்று ஊர்க்கோயிலிலே அருச்சனையை முடித்துவிட்டாள். தகப்பன் வந்ததும் கீரிமலைக்குப் போவதென்பது ஏற்பாடு. அதற்கெனப் பெண் பிள்ளை பள்ளிக்கூடக் கொப்பியிலே நாட்களைக் கோடிட்டு வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை இரவு கொழும்புக் கோட்டையிலே புறப்படும் மெயில் வண்டி 250 மைலுக்கு மேல் ஓடிக் காங்கேசன்துறையிலே நிற்கும். 1905ஆம் ஆண்டு முழுப்பாதையும் திறக்கப்பட்ட நாள்முதல் அந்தத் தண்டவாளந்தான் எத்தனையோ வீடுகளின் உயிர்நாடி. 1956ஆம் ஆண்டிலே யாழ்தேவியும் ஓடத் தொடங்கிற்று. எனினும், சனி ஞாயிறு மட்டும் ஊர் பார்க்க வேண்டிய உத்தியோகத்தர்க்கு இரவு வண்டியே வசதி. சனிக்கிழமை காலை கரிப்புகை படிந்த சட்டையோடு அவர் இறங்குகிறார். கையிலே ஒரு பிஸ்கற் தகரம், ஒரு புதுச் சட்டைத் துணி. ஞாயிறு மாலை மீண்டும் அதே வண்டி. இடையிலே உள்ள பொழுதுதான் அக்குடும்பத்தின் முழுச் செல்வம்.

பிற்பகலிலே மாட்டுவண்டி புறப்படுகின்றது. பனையோலைப் பெட்டியிலே புட்டு. இன்னொன்றிலே பயற்றம் பணியாரம். அரிசி, பருப்பு, தேங்காய், வாழையிலைக் கட்டு. கீரிமலையிலே அடியார்க்கென்று தருமவான்கள் கட்டிவைத்த மடங்கள் பல இருந்தன. இரவு தங்கலாம், அடுப்பு மூட்டலாம், வாடகையைப் பற்றி எவரும் கேட்கமாட்டார். நுவரெலியாவின் விடுதியிலே மேசையிற் கரண்டி அடுக்கியிருக்கும். இங்கே திண்ணையிற் பாய் விரித்தால் ஆயிற்று. சோழகக் காற்று மடத்தினூடே வீசும். பிள்ளைகள் உறங்கமாட்டார்கள், கடல் இரைகின்றது என்பார்கள். தகப்பனும் உறங்குவதில்லை. இரண்டு மாதப் பேச்சை ஓர் இரவிலே பேசவேண்டியிருக்கின்றது. மூத்தவனின் படிப்பு, வேலி எல்லை, தங்கையின் சீதனக் கடன் என்று அப்பேச்சு நீளும். இவற்றையெல்லாம் பாதித் தூக்கத்திலே கேட்டுக்கொண்டு கிடப்பதும் பிள்ளைக்கு ஒரு விழாவே.

விடியலிலே சின்னவன் கேட்கிறான், மலை எங்கே என்று. கீரிமலைக்கு முதன்முறை வரும் குழந்தைகள் எல்லாம் கேட்கும் கேள்விதான் அது. தகப்பன் குதிகாலாற் கல்லைத் தட்டிக் காட்டுகிறார். “மலை கீழே கிடக்குது மேனே. நாங்கள் அதுக்கு மேலேதான் நிக்கிறம்.” புவியியல் படித்தவரும் இதைப் பெரிதாகத் திருத்தமாட்டார், பின்னாளிற் குடாநாடெங்கும் சுவர்களாக எழுந்ததும் அதே கல்தான். 1950ஆம் ஆண்டிலே அயலூராகிய காங்கேசன்துறையிலே இயங்கத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்குத் தீனியானதும் அதுவே.

நீராடியபின் நகுலேச்சரம். போர்த்துக்கேயர் காலத்திலே இடிக்கப்பட்ட இக்கோயிலை மீண்டும் எடுப்பிக்க ஆறுமுக நாவலர் முயன்றார். 1879ஆம் ஆண்டு அவர் மறைந்த பின்னரே அது கைகூடிற்று. சந்நிதியிலே குருக்கள் தட்டத்தைக் கையிலேந்திப் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார். தகப்பன் முதலிலே பிறந்தநாட் பெண்ணின் பெயரையும் அத்தத்தையும் சொல்கிறார். பின்னர் மற்றப் பிள்ளைகள், மனைவி, தாய், தங்கை. கடைசியாகத் தம்முடையது, பூராடம். பெண் அந்த வரிசையை வாய்க்குள்ளே திருப்பிச் சொல்லிப் பார்க்கிறாள். பெருக்கல் வாய்பாட்டைவிட இஃது எளிது.

மெழுகுதிரியும் இல்லை, பாட்டும் இல்லை. நண்பகலிலே வடை பாயாசத்தோடு இலையிற் சோறு. பெண்ணுக்கு முதல் இலை. மாலையிலே வண்டி அவரை ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றது.

இதே கீரிமலைக்குத்தான் யாழ்ப்பாணத்தார் தம் இறந்தோரையும் கொண்டுவருகின்றனர் என்பதை வெளியூரார் கேட்டால் வியப்பர். சாம்பலைக் கரைப்பதும் இக்கடலிலே. 31ஆம் நாள் அந்தியேட்டியும் இக்கரையிலே. தந்தையை இழந்தவர்க்கு ஆடி அமாவாசை, தாயை இழந்தவர்க்குச் சித்திராபூரணை. ஆடி அமாவாசையன்று மாவிட்டபுரக் கந்தசுவாமி கோயிலின் தீர்த்தமும் இங்கே நடைபெறும். கரை கொள்ளாத சனம். வீட்டிலே காத்தோட்டிக்காய்க் கறி சமைத்துப் படைத்துவிட்டுத்தான் விரதம் முடிப்பர். குழந்தையின் நீராட்டும் தந்தையின் தர்ப்பணமும் ஒரே கரையில் நடப்பதை எவரும் அமங்கலம் என்று கருதியதில்லை. உயிரோடு இருப்பவர்க்கு நட்சத்திரம், இறந்தவர்க்குத் திதி. இரண்டு கணக்கும் ஒரே பஞ்சாங்கத்திலே உள்ளன.

1966 முதல் 1971 வரை இலங்கையிலே ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, போயா நாட்களே வார விடுமுறையாயின. அமாவாசையும் பூரணையும் விடுமுறையாகவே வந்தன. கிறித்தவர்க்கு அது பெருஞ் சங்கடம். வெளிநாட்டோடு வணிகம் செய்தவர்க்கும் சங்கடம். கீரிமலைத் தர்ப்பணத்துக்கு ஓடிவரும் இலிகிதர்க்கு மட்டும் லீவுக் கடிதம் எழுதும் தொல்லை குறைந்தது. நம் கதையின் தகப்பனும் அவ்வாறு தம் தந்தைக்கு நீர்க்கடன் ஆற்றினார். 1970களின் இறுதியிலே அவரே சாம்பலாகி அதே கடலிற் கரைந்தார்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டது. புகைவண்டி நின்றது. வலிகாமம் வடக்கு மக்கள் கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தனர். அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அதே ஆண்டிலே நகுலேச்சரம் குண்டுவீச்சிலே சேதமுற்றது. மடங்கள் பல கூரையிழந்தன. பத்து வயதிற் பாயாசம் உண்ட பெண் அப்பொழுது நாற்பதைக் கடந்த தாய். தன் வீட்டிலிருந்து சில மைல் தொலைவிலே, உறவினர் வீட்டுத் தாழ்வாரத்திலே குடியிருந்தாள். பிள்ளைகளின் நட்சத்திரம் வந்தபோது அருச்சனைக்குக் கோயில் கிடைத்தது. கோயில் எங்கும் உண்டு. ஆடி அமாவாசைக்கு அவள் தமையன் வேறு கரையிலே தர்ப்பணம் செய்தான். கடலும் எங்கும் உண்டு. குருக்கள் அதுவே போதும் என்றார். அவளுக்கு அது போதவில்லை. தகப்பனைக் கரைத்த இடம் கண்ணுக்கு எட்டும் தூரத்திலே இருக்க, முட்கம்பிக்கு இப்பால் நின்று வேறு கடலிலே எள்ளும் நீரும் விடுவதை அவள் மனம் ஏற்கவில்லை.

பிள்ளைகள் வெளிநாடு சென்றனர். ரொறன்ரோவிலே பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலத் தேதியிலே கேக் வெட்டப்பட்டது. நட்சத்திரத்தைத் தொலைபேசியிலே அம்மம்மா சொல்லுவார். ஒன்பதரை, பத்தரை மணி நேரம் முன்பின்னாக இருக்கும் நாட்டிலே நட்சத்திரம் எந்நாளிலே நிற்கின்றது என்பது பற்றி ஒவ்வோர் ஆண்டும் வாக்குவாதம். வாக்கியமா திருக்கணிதமா என்ற பழைய வழக்கோடு இப்புதிய வழக்கும் சேர்ந்துகொண்டது.

2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தது. நிலங்கள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. நகுலேச்சரத்தின் கும்பாபிஷேகம் 2012ஆம் ஆண்டு நிகழ்ந்தது. 2015ஆம் ஆண்டின் தொடக்கத்திலே புகைவண்டி மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. இப்பொழுது விடுமுறைக் காலங்களிலே கீரிமலைக்குச் சென்றாற் பலநாட்டு உச்சரிப்புத் தமிழையும் கேட்கலாம்.

எண்பதை அண்டிய அந்த அம்மம்மாவின் பிறந்தநாளை அங்கே கொண்டாட வேண்டுமென்று மகள் வந்திருக்கிறாள். நட்சத்திரம் இம்முறையும் வாரநாளிலே; எல்லோர்க்கும் வசதியான சனி ஞாயிறே குறிக்கப்படுகின்றது. இரவு தங்க மடமில்லை. நகரத்து விடுதியிலிருந்து காரிலே விடியற்காலை வருகின்றனர். பேரன் மலை எங்கே என்று கேட்கிறான். அம்மம்மா செருப்பாற் கல்லைத் தட்டிக் காட்டுகிறார். அவன் நம்பவில்லை, தண்ணீரைக் கண்டதும் கேள்வியை மறந்துவிடுகிறான். பெண்கள் கேணியிலே பேத்தி கைகொடுக்க, முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக அம்மம்மா இறங்குகிறார். நீர் பழைய குளிர்ச்சியோடுதான் இருக்கின்றது.

சந்நிதியிலே குருக்கள் தட்டத்தோடு வருகிறார். இளையவரான அவருக்கு இவர்களைத் தெரியாது. பெயர், நட்சத்திரம் என்று கேட்கிறார். மகள் கைப்பேசியிலே குறித்துவைத்ததைத் தேடுகிறாள். அம்மம்மா அதற்குக் காத்திராமல் தம்முடையதைச் சொல்லி, மகள், மருமகன், பேரர், பிற நாடுகளிலே இருக்கும் மற்றப் பிள்ளைகள் என்று, தகப்பனார் சொன்ன அதே வேகத்திலே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கடைசிப் பெயரும் முடிந்த இடத்திலே, பழைய வரிசையின் முடிவாகிய பூராடம் நாவின் நுனியிலே வந்து நிற்கின்றது.

“வேறு ஆரும் இருக்கினமோ, அம்மா?” என்று குருக்கள் கேட்கிறார்.

இல்லையென்று தலையசைத்து, அவர் தட்டத்திலே கற்பூரக் காசை வைக்கிறார்.