தொடக்கமும் படைப்பும்

நேயர்களே! கடவுள் உலகைப் படைத்தார் என்று கிறிஸ்தவர்களின் விவிலியம் தொடங்குகிறது. விஞ்ஞானமோ, ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் மிகுந்த வெப்பமும் செறிவும் கொண்டிருந்த நிலையிலிருந்து அண்டம் விரிந்து வந்தது என்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றனவா? அல்லது ஒன்று மற்றொன்றுக்குச் சான்றாகிறதா? இரண்டு கேள்விகளுக்கும் 'இல்லை' என்று விடை கூறிய ஒருவரைப் பற்றி இன்று நாம் சிந்திப்போம்.

அவர் பெயர் ஜார்ஜ் லெமைத்ர். 1894ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் படைவீரராகப் பணியாற்றியவர். 1923இல் கத்தோலிக்கக் குருவானார். அதன்பின் கேம்பிரிட்ஜ் சென்று, வானியல் அறிஞர் எடிங்டனிடம் பயின்றார்.

1927இல் லெமைத்ர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். உலர்ந்த திராட்சை கலந்த ரொட்டி மாவு உப்பும்போது, திராட்சைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதைக் காண்கிறோம் அல்லவா? அதுபோலவே அண்டவெளி விரிவதால் விண்மீன் மண்டலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன என்று அவர் காட்டினார். கணக்கு சரியே, ஆனால் பௌதிக முறையில் இதை ஏற்க இயலாது என்று ஐன்ஸ்டைன் அவரிடம் கூறினார். ஆயினும், 1929இல் அமெரிக்க வானியலாளர் ஹபிள் வெளியிட்ட அளவீடுகள் அண்டத்தின் விரிவுக்கு வலுச்சேர்த்தன. ஐன்ஸ்டைனும் பின்னர் அதனை ஏற்றுக்கொண்டார்.

விரிந்துகொண்டே வரும் அண்டம் முற்காலத்தில் சுருங்கியிருந்திருக்க வேண்டுமே? 1931இல் 'நேச்சர்' இதழுக்கு எழுதிய சிறு கடிதத்தில், அனைத்தும் ஒரே ஓர் ஆதி அணுவிலிருந்து தோன்றியிருக்கலாம் என்றார் லெமைத்ர். அக்கடிதத்தின் தட்டச்சுப் படியில், இறுதியில் கடவுளைப் பற்றிய ஒரு பத்தி இருந்தது. கடவுள் மறைந்திருப்பவர் என்று நம்புவோர், இன்றைய பௌதிகம் படைப்பின்மீது ஒரு திரையைப் போடுவதைக் கண்டு மகிழலாம் என்பது அதன் கருத்து. கடிதத்தை வெளியிடுமுன் அந்தப் பத்தியை அவரே அடித்துவிட்டார். அவருடைய நம்பிக்கை குன்றிவிடவில்லை. விஞ்ஞான இதழில் அதற்கு இடமில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆனால் மற்றவர்கள் அவ்வாறு பிரித்துப் பார்க்கவில்லை. படைப்பு என்னும் சமயக் கருத்து இதன்வழியே விஞ்ஞானத்துக்குள் நுழைகிறது என்று ஐயுற்றவர்களுள் பிரெட் ஹாயில் என்னும் ஆங்கில விஞ்ஞானியும் ஒருவர். இன்று உலகெங்கும் வழங்கும் 'பெருவெடிப்பு' என்னும் பெயர், 1949இல் பி.பி.சி. வானொலியில் அவர் ஆற்றிய உரையிலேதான் பிறந்தது. மறுபுறத்தில், 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், விவிலியம் கூறும் படைப்பின் முதற்கணத்துக்கு விஞ்ஞானம் சான்று பகர்வதுபோல் இருக்கிறது என்று பேசினார். லெமைத்ருக்கு அது உவப்பாக இல்லை. அடுத்த ஆண்டு வானியலாளரிடையே பேசியபோது பாப்பரசர் அவ்வாறு கூறவில்லை.

தம் சமயத்தின் தலைவரே தம் கொள்கையைப் பாராட்டும்போது ஒரு குருவானவர் ஏன் தயங்க வேண்டும்? விஞ்ஞானக் கொள்கை என்பது புதிய சான்றுகள் கிடைக்கும்போது மாறக்கூடியது. அதனோடு நம்பிக்கையைப் பிணைத்துவிட்டால், கொள்கை ஆடும்போது நம்பிக்கையும் ஆடும். நம்பிக்கையைக் காப்பதற்காகவே கொள்கையைக் காக்கும் நிலையும் வரும். அப்போது உண்மையைத் தேடுவது நின்றுபோகும்.

இன்னொரு காரணமும் உண்டு. குயவர் வனைந்த பானை, அவர் போன பின்னும் இருக்கும். ஆனால் பாடகர் நிறுத்தினால் பாட்டும் நின்றுவிடும். கிறிஸ்தவ சமயம் கூறும் படைப்பு, பானையைப் போன்றதன்று, பாட்டைப் போன்றது. ஒவ்வொரு கணமும் உலகம் இருப்பதே கடவுளால்தான் என்பது அதன் போதனை. ஆகவே, முதற்கணம் எப்போது என்று கணக்கிடுவதால் அந்தப் போதனை மெய்யாகிவிடாது, பொய்யாகியும் விடாது. தம் கொள்கை சமயக் கேள்விகளுக்கு அப்பாற்பட்டது என்றும், கடவுளை மறுப்பவர் மறுக்க அது இடமளிக்கிறது என்றும் 1958இல் லெமைத்ர் கூறினார்.

1965இல் பென்சியாஸ், வில்சன் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள், எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் மெல்லிய கதிர்வீச்சைக் கண்டறிந்ததாக அறிவித்தனர். அண்டத்தின் ஆதி வெப்பத்தின் எச்சம் அது. நோயுற்றிருந்த லெமைத்ர் இச்செய்தியைக் கேட்ட பின்னரே, 1966 ஜூன் மாதம் காலமானார். 2018இல் ஹபிள் விதியை 'ஹபிள்–லெமைத்ர் விதி' என அழைக்க அனைத்துலக வானியல் ஒன்றியம் பரிந்துரைத்தது.

நேயர்களே! பள்ளியில் பெருவெடிப்பைப் படித்துவிட்டு வரும் பிள்ளை, "நம் வேதம் பொய்யா?" என்று பெற்றோரிடம் கேட்கக்கூடும். அந்தப் பிள்ளையை அதட்டவும் வேண்டாம். வேதத்தில் இதெல்லாம் முன்பே இருக்கிறது என்று சமாளிக்கவும் வேண்டாம். அங்கியணிந்த அந்தக் கணித மேதையின் கதையைச் சொல்வோம். பாடநூலை மூடாமலேயே அந்தப் பிள்ளை பிரார்த்தனையும் செய்யலாம்.