செயற்கைக் காலுடன் முடிவதில்லை மறுவாழ்வு

(சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டித் திருவனந்தபுரத்தில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இலங்கை உள்நாட்டுப் போர் முடிவுக்கு வந்தது. அதன் இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் கூறியது. மாண்டவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இனியும் பேசத்தான் வேண்டும். ஆயினும் உயிர் பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் நமது பேச்சிலும் எழுத்திலும் அதிகம் இடம்பெறுவதில்லை. எறிகணையிலும் கண்ணிவெடியிலும் கையோ காலோ கண்ணோ இழந்தவர்கள், முள்ளந்தண்டு சிதைந்து படுக்கையில் கிடப்பவர்கள், உலோகச் சிதறல்களை உடலுக்குள் சுமந்தபடியே வயலுக்கும் கடலுக்கும் செல்பவர்கள் ஆகியோரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மொழிபெயர்ப்பை அன்றாடப் பணியாகக் கொண்டவன் என்பதால் சொற்களிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் 'ஊனமுற்றோர்' என்ற சொல் நீங்கி 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. இலங்கையில் 'வலுவிழந்தோர்', 'விசேட தேவைக்குட்பட்டோர்' என்கின்றனர். மலையாளத்தில் 'பின்னசேஷி' என்பர். 2015 இறுதியில் பிரதமர் மோடி 'திவ்யாங்' என்ற சொல்லை முன்வைத்தபோது, மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான தேசிய மேடை அதனை எதிர்த்தது. உடற்குறைக்குத் தெய்வீகப் பூச்சுப் பூசினால் அரசின் பொறுப்பு மறைந்துபோகும் என்பதே அந்த எதிர்ப்பின் சாரம். இழிசொல்லைக் களைவது அவசியம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் சட்டமும் நிதியும் வேலையும் நிற்க வேண்டும்.

போரினால் கால் இழந்தவர் என்றதும் எல்லோர் மனத்திலும் எழுவது செயற்கைக் கால். ஜெய்ப்பூரில் 1968-இல், அதிகம் பள்ளிப்படிப்பில்லாத கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் எலும்பு அறுவை மருத்துவர் பி.கே. சேத்தியும் இணைந்து உருவாக்கிய ரப்பர்ப் பாதம், காலணியின்றி நடக்கவும் சேற்றில் இறங்கவும் தரையில் குந்தி அமரவும் ஏற்றது. உழைப்பாளியின் வாழ்க்கையை அறிந்த கைகள் அதைச் செய்தன. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இயங்கி வருகிறது. போருக்குப் பின் 2010-இல் இந்தியாவிலிருந்து சென்ற குழுவும் மெனிக் முகாமில் செயற்கைக் கால்களைப் பொருத்தியது. இவையெல்லாம் பாராட்டத்தக்க பணிகளே.

ஆனால் ஒரு செயற்கைக் கால் ஆயுள் முழுவதற்கும் போதுமானதன்று. வயது வந்தவருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்ற வேண்டும். வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறைகூடத் தேவைப்படலாம். 2009-இல் எட்டு வயதில் கால் இழந்த சிறுமி பருவமடையும் வரை எத்தனை கால்களை மாற்றியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். முகாம் சில வாரங்களில் கலைந்துவிடும். தேவையோ அறுபது ஆண்டுகள் நீடிக்கும். இந்த இடைவெளியை நன்கொடையால் நிரப்ப இயலாது. பொதுப்பணத்தில் இயங்கும் நிரந்தர அமைப்பொன்றே நிரப்ப முடியும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016-இல் ஏற்றது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் இணைந்தது. வெடிகளை அகற்றுவதோடு, அவற்றால் பாதிக்கப்பட்டோருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கிடைக்கச் செய்வதும் அந்த உடன்படிக்கையின் பகுதியாகும். எனவே வன்னியின் கிராமத்தில் ஊன்றுகோலுடன் நிற்பவர் கேட்பது கருணை அல்ல. அவருடைய அரசு கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்குறுதி.

இதில் இன்னொரு பாகுபாடும் உண்டு. காயமுற்ற இராணுவத்தினரின் நலனுக்கு 1999-இல் சட்டமே இயற்றி 'ரணவிரு சேவா' அதிகார சபை அமைக்கப்பட்டது. மறுபுறம், சரணடைந்த சுமார் 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்டனர். கண்காணிப்புக்கு அஞ்சித் தமது காயம் எங்கே, எப்போது ஏற்பட்டது என்று சொல்லவே தயங்குவோர் அவர்களில் உள்ளனர். காயத்தை மறைப்பவர் உதவிக்கு எவ்வாறு விண்ணப்பிப்பார்?

அதே வேளையில், சிங்களக் கிராமங்களின் ஏழை வீடுகளிலிருந்தே சிப்பாய்கள் படைக்குச் சேர்க்கப்பட்டனர் என்பதையும் நாம் மறக்கலாகாது. பன்னிரண்டு ஆண்டு சேவையை நிறைவு செய்யுமுன் காயமுற்று விலக நேர்ந்தோர், முழு ஓய்வூதியம் கோரிக் கொழும்பின் தெருக்களில் போராட வேண்டியிருந்தது. போரைக் கொண்டாடிய அரசு, போரில் முடமானவனை மறந்தது. துப்பாக்கி ஏந்திய திசையைப் பார்த்து உதவியை அளக்கக்கூடாது. தேவையைப் பார்த்து அளக்க வேண்டும். தமிழ், சிங்கள, முஸ்லிம் உழைப்பாளி மக்கள் ஒன்றுபட்டுக் கேட்கக்கூடிய கோரிக்கை இது.

நாம் வாழும் கேரளத்தின் அனுபவம் இங்கே பயன்படும். இந்நகருக்கு அருகிலுள்ள வெங்ஙானூர் கிராமப் பஞ்சாயத்தில் 2004-இல் முதல் 'பட்ஸ்' பள்ளி தொடங்கியது. அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான அப்பள்ளியை உள்ளாட்சியும் குடும்பஸ்ரீயும் சேர்ந்து உருவாக்கின. பின்னர் எண்டோசல்பான் நஞ்சால் பாதிக்கப்பட்ட காசர்கோட்டின் ஊர்களிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. 2008-இல் மாநில அரசு வலிதணிப்புச் சிகிச்சைக்கெனக் கொள்கை வகுத்தது. செவிலியர் படுக்கை நோயாளியின் வீட்டுக்கே சென்று புண்ணைச் சுத்தம் செய்கிறார். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்குப் படுக்கைப் புண்ணே உயிருக்கு எமனாகும் என்பதால், இச்சேவை வன்னிக்கு எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் பராமரிக்கும் தாய்க்கும் மனைவிக்கும் 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தில் உதவித்தொகை உண்டு. தொகை போதாது, உயர்த்தப்பட வேண்டும். எனினும், பெண்ணின் கூலியற்ற உழைப்பை அரசு ஏற்றுக்கொண்டது முக்கியமானது.

இவற்றுக்கெல்லாம் அடித்தளம், 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தால் உள்ளாட்சிகளுக்குக் கிடைத்த அதிகாரமும் நிதியும். இலங்கையின் வடக்கு மாகாண சபையோ 2013-இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2018 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. ஆண்டுகள் கடந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை. அதிகாரப் பகிர்வு என்பது அரசியல்வாதிகளின் நாற்காலிக் கணக்கு என்று சிலர் எள்ளுகின்றனர். அது ஒருவருடைய சக்கர நாற்காலியின் கணக்கும் ஆகும்.

1980-இல் நிகரகுவாவின் மனாகுவா நகரில், நடக்க இயலாத நான்கு இளைஞர்கள் ஒரே சக்கர நாற்காலியை முறைவைத்துப் பயன்படுத்தி வந்தனர். புரட்சிக்குப் பிந்தைய அந்த நாட்டில் மாற்றுத்திறனாளிகளே சங்கம் அமைத்துத் தங்கள் மண்பாதைக்கேற்ற நாற்காலிகளைத் தாங்களே செய்யும் பட்டறையைத் தொடங்கினர். உதவி பெறுவோர் அமைப்பாகத் திரளும்போதே மறுவாழ்வு தொடங்குகிறது என்பதற்கு அது சான்று.

தோழர்களே, 1987 முதல் 1990 வரை இந்தியப் படை அந்த மண்ணில் நின்றது. ஆகவே இது நமக்கு வெறும் அயல்நாட்டுச் செய்தியன்று. வடக்கு, கிழக்கில் இந்தியா சுமார் 46,000 வீடுகளுக்கு நிதியளித்தது. இனி வழங்கும் எந்த உதவியிலும் சரிவுப்பாதையும் பயன்படுத்தத்தக்க கழிப்பறையும் கட்டாயமாக வேண்டும்; செயற்கை உறுப்புப் பட்டறைகளுக்கும் அங்குள்ள இளைஞர்களின் தொழிற்பயிற்சிக்கும் தொடர்ச்சியான நிதி வேண்டும் என்று ஒன்றிய அரசிடம் நாம் கோர வேண்டும். தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் ஈழ ஏதிலியரில் மாற்றுத்திறனாளிகளாக இருப்போரின் குறைகளை நமது கிளைகள் நேரில் கேட்டறிய வேண்டும்.

போரை நிறுத்த நம்மால் இயலவில்லை. அதன் காயங்களோடு வாழ்பவர்களின் உரிமைக்குக் குரல் கொடுக்க இன்றும் இயலும். அதைச் செய்வோம்.