ஆறு வயதுக் கடைவாய்ப்பல்



"பால்பல்லுதானே, விழுந்து முளைக்கும்" என்போம். நானும் அப்படித்தான் சொன்னேன். ஏழு வயதில் என் மகளின் கடைவாய்ப்பல்லில் கறுப்புப் புள்ளி இருந்தது, விட்டுவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து, வலியில் விடிய விடிய அழுதபிறகு மணப்பாறைக்குக் கூட்டிப்போனேன். "இது நிரந்தரப் பல் அம்மா. எடுத்தா மறுபடி முளைக்காது" என்றார் டாக்டர். பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

பால்பற்கள் 20. அவற்றில் எதுவும் விழாமலே, அவற்றுக்குப் பின்னால், ஆறு வயதுவாக்கில் நான்கு பெரிய பற்கள் வரும். அவை ஆயுசுக்கும் உள்ளவை. பால்பல்லையும் அலட்சியமா நினைக்காதீங்க. அடுத்த பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது அதுதான்.

சர்க்கரை போட்ட பால்புட்டியோடு பிள்ளையைத் தூங்கவிடாதீங்க. மூன்று வயதுவரை அரிசியளவு, பிறகு பட்டாணியளவு ஃபுளோரைடு பேஸ்ட் போதும். ராத்திரி படுக்கும் முன்பும் துலக்கணும். ஏழெட்டு வயதுவரை நாமே துலக்கிவிடணும்.

கடன் தவணையைத் தவறாமல் பார்க்கிற நாம், மாதம் ஒருமுறை பிள்ளையின் வாயையும் வெளிச்சத்தில் பார்ப்போம். புள்ளி தெரிந்தால் அந்த வாரமே காட்டிவிடுவோம்.