கவனம் என்னும் சொல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாக இவ்வட்டத்தின் கூட்டங்களுக்குப் பெரும்பாலும் காலந்தாழ்ந்து வந்து, பின்வரிசையில் ஓசைப்படாமல் அமர்ந்தவள் நான். இன்று குறித்த நேரத்திற்கு முன்பே வந்துவிட்டேன். வாயிலில் நின்ற அமைப்பாளர் வியந்து நோக்கினார். அவ்வியப்பிற்கான விடையே இன்றைய என் உரை.

சங்க இலக்கியம் பற்றி நான் பேசுவேன் என எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். 'ஏ.டி.எச்.டி.' எனச் சுருக்கமாக வழங்கப்பெறும் நிலையைப் பற்றிப் பேச விழைகிறேன். தமிழில் அதனைக் 'கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு' என்கிறோம். என் 43ஆம் அகவையில், எனக்கு அந்நிலை உண்டென மருத்துவர் கண்டறிந்தார்.

தமிழாசிரியை ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 'கவனக்குறைவு' என்பது நம் வழக்கில் குற்றம் சுமத்தும் சொல். ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து என்று எழுதுகிறோம். அச்சொல்லையே பெயராகச் சூட்டியதால், குழந்தையை அறியுமுன்னரே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். உண்மையில் இந்நிலையில் கவனம் இல்லாமற் போவதில்லை. பிடித்த கதைநூலை விடியவிடியப் படிக்கும் குழந்தையே, பத்து வரி வீட்டுப்பாடத்தின் முன் கண்கலங்கி அமர்ந்திருக்கும். கவனத்தை வேண்டும்போது, வேண்டுமிடத்தில் நிறுத்தும் ஆற்றலே தளர்ந்துள்ளது. திட்டமிடல், காத்திருத்தல், நினைவில் வைத்தல் ஆகியவற்றை நடத்தும் மூளையின் முன்பகுதி சார்ந்த இயக்கத்தில் உள்ள வேறுபாடு இது. பெரும்பாலும் குடும்பவழி வருவது, வளர்ப்பின் பிழையன்று.

இஃது அண்மைக்காலத்துப் புதுமையும் அன்று. பிராங்க்பர்ட் நகர மருத்துவர் ஹென்ரிக் ஹாஃப்மன், தம் மூன்று வயது மகனுக்காகப் பாட்டும் படமுமாய் ஆக்கிய நூலை 1845இல் வெளியிட்டார். அதன் பிந்தைய பதிப்புகளில் ஒரு சிறுவன் வருகிறான். உணவு மேசையில் நாற்காலியை ஆட்டிக்கொண்டேயிருந்து, விரிப்போடு உணவையும் இழுத்துக் கவிழ்க்கிறான். லண்டனில் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1902இல் இத்தகைய குழந்தைகளைக் குறித்துச் சொற்பொழிவாற்றுவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, பாட்டு அவனைக் கண்டுவிட்டது. ஆனால் பாட்டிலும் அவன் சொற்கேளாத பிள்ளையே. ஸ்டில்லும் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே பேசினார். அமெரிக்க உளமருத்துவக் கையேடு 1980இல்தான் கவனத்தை மையமாக்கிப் பெயரிட்டது. இன்றைய பெயர் 1987இல் வந்தது.

வள்ளுவர் பொருட்பாலில் மறதியைப் 'பொச்சாவாமை' என 54ஆம் அதிகாரத்திலும், சோம்பலை 'மடியின்மை' என 61ஆம் அதிகாரத்திலும் தனித்தனியே வைத்தார். அவர் சொன்ன மறதி மகிழ்ச்சி மயக்கத்தால் வருவது. நான் பேசும் மறதி வேறு. ஆயினும் மறதியும் சோம்பலும் ஒன்றல்ல என்னும் தெளிவு அவரிடம் இருந்தது. நாமோ இரண்டையும் 'பொறுப்பின்மை' என்னும் ஒரே சொல்லில் கட்டிவிட்டோம்.

அச்சொல்லுடன் வளர்ந்தவள் நான். துள்ளித் திரியும் சிறுவன் எல்லார் கண்ணிலும் படுவான். சன்னலோரம் அமைதியாய் அமர்ந்தபடி, மனத்தால் வேறெங்கோ சென்றுவிட்ட சிறுமியை எவரும் காண்பதில்லை. ஓராண்டில் மூன்று குடைகளைத் தொலைத்தேன். 'கெட்டிக்காரி, பொறுப்புப் போதாது' எனத் தேர்ச்சி அறிக்கையில் எழுதி வந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மழைக்குக் குடை வாங்கவுமில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டின் இறுதி இயலைக் கடைசி இருபது இரவுகளில் எழுதி முடித்தேன். பலரும் பாராட்டினர். அதற்கு முந்தைய ஆண்டுகளில் வெற்றுத்தாளின் முன் நான் அமர்ந்திருந்த இரவுகளை எவரும் அறியார்.

மணவாழ்விலும் அதுவே தொடர்ந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிவதும், மின்கட்டண நாள் கடந்துபோவதும் சிறியன. ஒருநாள் மகனைப் பள்ளியிலிருந்து அழைத்துவர மறந்தேன். மாலை ஆறு மணிக்குக் காவலாளியுடன் அமர்ந்திருந்தான். "எங்கள்மேல் உனக்கு அக்கறை இருந்தால் மறப்பாயா?" என்றார் என் கணவர். விடை சொல்ல என்னிடம் சொல் இல்லை.

மகனின் ஒன்பதாம் வயதில், பள்ளியின் குறைகூறல்கள் பெருகவே, உளமருத்துவரிடம் சென்றோம். மருத்துவர் அவனைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்வியிலும் என் குழந்தைப் பருவத்தைக் கேட்டேன். சில வாரங்கள் கழித்து எனக்காகவும் அதே வாயிலில் காத்திருந்தேன்.

அன்று முதல் நான் கற்றவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். குழந்தைக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். செய்து முடித்த அப்பொழுதே பாராட்டுங்கள். பள்ளியில் அவனை முன்வரிசையில் அமர்த்தலாம். நீண்ட பாடத்தைத் துண்டுகளாகப் பகுக்கலாம். அசையாமல் இருக்க முடியாதவனைச் சுண்ணக்கட்டி எடுத்துவர அனுப்பலாம். இல்லத்தில் எங்கள் உடன்பாடு எளியது: மறதிக்குக் காரணம் உண்டு, ஆனால் காரணம் சொல்வதோடு கடமை தீர்வதில்லை. மறந்தவர் ஈடுசெய்ய வேண்டும். மற்றவர் அதனை அன்பின்மை எனக் கொள்ளலாகாது. வாயிற்கதவருகே ஒரு பலகை, சாவிக்கு ஒரே கிண்ணம், கைப்பேசியில் இரண்டு மணியோசை ஆகியவை என் புறநினைவு. மருத்துவர் பரிந்துரைத்த மருந்தும் உண்கிறேன்; நாடியும் குருதியழுத்தமும் அவ்வப்போது பார்க்கப்படுகின்றன. மருந்து வேலையைச் செய்து தருவதில்லை. வேலையின் முன் அமர இடங்கொடுக்கிறது, அவ்வளவே.

கவிஞர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சிதறலே படைப்பின் ஊற்று என்று நம்மில் சிலர் அழகுறப் பேசுவதுண்டு. என் அளவில் அஃது உண்மையன்று. என் சிதறல் எனக்குத் தந்த கவிதைகளைவிட, முதல் வரியோடு நின்றுபோன கவிதைகளே மிகுதி. முடிந்த கவிதைகளெல்லாம் இந்த வட்டத்தால் முடிந்தவை. கூட்டத்தின் முந்தைய மாலை அமைப்பாளர் தொலைபேசியில் அழைத்து, "நாளை உங்கள் கவிதைக்காகக் காத்திருப்போம்" என்பார். எனக்கு எவ்வளவு பெரிய துணை அதுவென அவர் அறியாமலே பத்தாண்டுகள் செய்தார்.

இறுதியாக, இவ்வவையில் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு இந்நிலை உண்டென அறிவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி மூன்றாம் முறையாகக் கட்டுரையைக் காலந்தாழ்த்தித் தந்தாள். வகுப்பின் முன் அவளைப் 'பொறுப்பற்றவள்' என்றேன். என் தேர்ச்சி அறிக்கையில் இருந்த அதே சொல்லை அவள்மீது எறிந்தேன். அடுத்த பருவத்தில் அவள் வரவில்லை. அவளுக்கும் என் நிலையே இருந்திருக்கலாம். வீட்டில் வேறு துன்பம் இருந்திருக்கலாம். "என்னம்மா இடர்?" என்று நான் கேட்கவில்லை. பெயர் தெரியாமற் போனதற்கு நான் பொறுப்பல்லள். கேட்காமற் போனதற்கு நானே பொறுப்பு.

சொல்லை ஆள்பவர்கள் இங்கே கூடியிருக்கிறோம். காலந்தாழ்ந்து வருபவருக்குப் பின்வரிசையில் ஓர் இருக்கையும், முந்தைய மாலை ஓர் அழைப்பும் இவ்வட்டத்தில் என்றும் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். தீர்ப்புச் சொல்லுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்.